ஒரு கிண்ணம் ப்ளூபெர்ரி

அந்த வீட்டு மருமகளுக்கு ‘வெந்நீர்’ என்று பெயர் வைத்தது மாமியார்தான். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவள் மாதிரி எந்நேரமும் பறக்கிறாளே, அதனால். வைத்த நாளிலிருந்து வீட்டில் யாரும் அவளை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொள்ள நேரம் வேண்டுமே.

அவள் லிஃப்ட் மெக்கானிக். எங்கேயாவது ஒரு கட்டடத்தில் லிஃப்ட் பாதியில் நின்றுபோய், உள்ளே மாட்டிக்கொண்டவர்கள் அலறினால், கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடுகிற வேலை. அதற்கு அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அதே வேகத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவாள் என்பதுதான் சிக்கல். மீன் தொட்டி வாங்கினாள். மீன்கள் அவள் முகத்தைப் பழகிக்கொள்வதற்குள் அவளுக்கு அலுத்துவிட்டது. காளான் வளர்க்கிறேன் என்று கட்டிலுக்கடியில் பைகளை வைத்தாள். வைத்ததை மறந்துபோனாள், நாற்றம்தான் ஞாபகப்படுத்தியது. கணவனுக்கு ஸ்வெட்டர் பின்ன ஆரம்பித்து ஒரு கையோடு நிறுத்திவிட்டாள். குளிர்காலத்தில் அவன் அந்த ஒற்றைக் கையை மட்டும் மாட்டிக்கொண்டு வந்து, “மிச்சம் எப்போ வரும்?” என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டான்.

ஆகவே அவள் ப்ளூபெர்ரி என்று ஆரம்பித்தபோது வீட்டில் யாரும் தட்டிலிருந்து தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் கிறுக்கு பிடித்தது ஒரு ஹோட்டல் மொட்டை மாடியில். மோட்டார் அறையில் வேலை முடித்து வெளியே வந்தவள், மரச்சட்டம் அடித்த பாத்திகளில் முழங்கால் உயரத்துக்குக் குட்டிக் குட்டிப் புதர்கள் நிற்பதைப் பார்த்தாள். இலை தெரியாத அளவுக்கு நீலநீலமாகப் பழம். அங்கே நின்ற சமையல்காரர் ஒன்றைப் பறித்து அவள் உள்ளங்கையில் போட்டார். அவள் வாயில் போட்டுக் கடித்தாள். அவ்வளவுதான். லிஃப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் லிஃப்ட் மெக்கானிக்கே படியில் ஓடி இறங்கினாள் என்று கூட வேலை செய்பவர்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

வீட்டுக்குப் பின்னால், சமையலறை ஜன்னலை ஒட்டி ஒரு காலி இடம் கிடந்தது. நல்ல வெயில். ஆனால் தோண்டினால் செங்கல் துண்டும் பழைய சுண்ணாம்புக் காரையும்தான். ப்ளூபெர்ரிக்கும் சுண்ணாம்புக்கும் ஜென்மப் பகை. மண் புளிப்பாக இருந்தால்தான் அதன் வேருக்குச் சாப்பாடு இறங்கும். தரைமண்ணே வேண்டாம் என்று முடிவு செய்து மேட்டுப்பாத்தி போட்டாள் வெந்நீர். புது லிஃப்ட் மோட்டார் வந்திறங்கும் பெரிய மரப்பெட்டிகளைப் பிரித்து, அந்தப் பலகைகளை இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வருகிற உயரத்துக்கு ஆணியடித்து, இரண்டு பாத்தி செய்தாள். உள்ளே பைன் மரப்பட்டைத் தூள், பாசி மக்கிய கறுப்பு மண், ஈரம் காயாமல் மேலே மூடாக்காகப் பைன் ஊசி இலை. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு இருக்கும் என்பதால் மழைநீரை டிரம்மில் பிடித்துவைத்து அதை மட்டும் ஊற்றினாள். செடிகள் எல்லாம் குள்ள ரகம், பாத்திக்கு மூன்று, ஒன்றின் மகரந்தம் இன்னொன்றுக்குச் சேரட்டும் என்று இரண்டு வகை.

“முதல் வருஷம் பூக்குற பூவையெல்லாம் கிள்ளிடுங்க. வேர் நல்லாப் பிடிக்கட்டும்” என்றாள் செடி விற்ற பெண். கிள்ளுவது வேகமான வேலை என்பதால் வெந்நீர் அதை அமர்க்களமாகச் செய்து முடித்தாள். அதற்குப் பிறகு ஒரு வருஷம் சும்மா இருப்பதற்குள்தான் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

அடுத்த வருஷம் செடிகள் மறுபடி பூத்தன. சின்னச் சின்ன வெள்ளை மணிகள், கொத்துக்கொத்தாக, தலைகீழாக. அன்று காலை அவள் போட்ட சத்தத்தில் கணவன் பாதி ஷேவ் செய்த கன்னத்தோடு ஓடி வந்தான். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் கொழுந்தன், இரவு டியூட்டி முடித்து அப்போதுதான் படுத்தவன், போர்வையோடு வந்தான். மாமியார் கையில் கரண்டியோடு வந்தாள்.

“பாருங்க! பாருங்க! தேனீ வந்திருக்கு!”

“தேனீ எல்லா இடத்துக்கும்தான் வரும்” என்றாள் மாமியார். ஆனால் உடனே உள்ளே போகவில்லை. கரண்டியைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போனாள்.

கொழுந்தனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த நேரம். பூ இன்னும் இருக்கும்போதே பெரிய மாமா வந்தார்.

பெரிய மாமா, மாமியாரின் அண்ணன். பெரிய மனசு, பெரிய குரல், பெரிய வயிறு. மாமியாரின் கணவர் போன பிறகு அந்த இரண்டு பையன்களையும் தோளில் தூக்கி வளர்த்தவர். அவர் ஒன்றைச் சொல்லி அந்த வீட்டில் ஒருவர் மறுத்தார் என்று சரித்திரமே இல்லை. அவர் எப்போதும் நல்லதையே சொல்வார் என்பதால் மறுப்பது இன்னும் கஷ்டம்.

“சின்னவன் கல்யாணத்துக்கு என் பரிசு என்ன தெரியுமா?” என்றார், சாப்பிட்டுக்கொண்டே. “பின்னாடி காலியாக் கிடக்குல்ல, அந்த இடத்துல ஒரு ரூம் கட்டித் தரேன். பாத்ரூமோட. ஜம்முனு இருக்கும். அம்மாவும் பையனும் பிரிய வேண்டாம் பாரு.”

“ரொம்ப சந்தோஷம் அண்ணா” என்றாள் மாமியார்.

“ரொம்ப தேங்க்ஸ் மாமா” என்றான் கொழுந்தன், பல்வலிக்காரன் சிரிப்பதுபோல் சிரித்துக்கொண்டு.

வெந்நீருக்கு மட்டும் வாய் சும்மா இருக்கவில்லை. “அது காலி இடம் இல்ல பெரிய மாமா. என் செடி இருக்கு.”

“செடிதானே, தூக்கி முன்பக்கம் வச்சுக்கலாம்மா.”

“முன்பக்கம் வெயிலே கிடையாது. இப்ப அசைச்சா பூவெல்லாம் கொட்டிடும்.”

பெரிய மாமா வயிறு குலுங்கச் சிரித்தார். “மருமகளே, கோச்சுக்காதே. அந்த மீனெல்லாம் என்னாச்சு? காளான் என்னாச்சு? ஒரு கை ஸ்வெட்டர் என்னாச்சு? ஆசை தீர்ந்ததும் இதையும் நீயே விட்டுருவே. அதுக்குள்ள நாம அஸ்திவாரம் போட்டுடலாம்.”

அவர் கேலிக்குத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். வெந்நீருக்குத்தான் சுருக்கென்று தைத்தது. ஏனென்றால் அது உண்மை. முப்பது வயதைத் தாண்டிவிட்டாள், எதையும் கடைசி வரைக்கும் கொண்டுபோய்ப் பார்த்ததில்லை.

“இது காய்க்கும். பழுக்கும். நீங்களே சாப்பிடுவீங்க” என்றாள்.

“சரி, பந்தயம்!” பெரிய மாமா தான் சாப்பிட்டு முடித்திருந்த ஆழமான கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினார். “இது நிறைய எனக்குப் பழம் குடு. நான் கொத்தனாரோட வர்ற அன்னைக்குக் குடு. ரூம் பேச்சையே எடுக்கமாட்டேன். நிறையலேன்னா அன்னைக்கே அளந்து முளை அடிச்சிடுவேன். சம்மதமா?”

“சம்மதம்!”

பந்தயம் கட்டிவிட்டாள். அன்றிலிருந்து அவள் வேலைக்குப் போகிற வழியிலும் அதுதான் நினைப்பு, லிஃப்ட் குழிக்குள் தொங்கும்போதும் அதுதான் நினைப்பு. பூ உதிர்ந்து பச்சைப் பிஞ்சு வந்தது. ஒவ்வொரு பிஞ்சின் நுனியிலும் குட்டிக் கிரீடம். அவள் அவற்றைப் பார்த்த பார்வையில் கணவனுக்கே கொஞ்சம் பொறாமை வந்தது.

அப்புறம்தான் இலை ஓரம் கருக ஆரம்பித்தது.

முதலில் ஒரு செடி. பிறகு பக்கத்துச் செடி. வெயில் போலிருக்கிறது என்று பழைய போர்வையைக் கட்டி நிழல் கொடுத்தாள். நிற்கவில்லை. மண்ணின் புளிப்பைக் காட்டுகிற சின்ன மீட்டர் ஒன்று வைத்திருந்தாள். எண் குறையக் குறையப் புளிப்பு அதிகம் என்று அர்த்தம். ஐந்துக்குக் கொஞ்சம் கீழே நிற்க வேண்டிய முள், நாலையும் தாண்டிக் கீழே போய்ப் படுத்துக்கொண்டது. மீட்டர்தான் கெட்டுவிட்டது என்று இன்னொன்று வாங்கி வந்து குத்தினாள். அதுவும் அங்கேயே போய்ப் படுத்தது. அவளுக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. மண்ணில் கரைப்பது யார் என்பதுதான் தெரியவில்லை.

லிஃப்ட் தானாக இறங்குகிறது என்றால் மெக்கானிக் பேய் பிசாசு என்று நினைப்பதில்லை. யாரோ பட்டனை அழுத்துகிறார்கள். அவ்வளவுதான். யார் என்று யோசித்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. கொழுந்தனுக்கு ரூம் வேண்டும். மாமியாருக்குச் சின்ன மகன் பக்கத்திலேயே வேண்டும். இரண்டு பேரில் ஒருத்தர் செடியைக் கொல்லப் பார்க்கிறார். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மறுநாள் காலை வேலைக்குப் போவதுபோலப் பையை மாட்டிக்கொண்டு வாசல் வழியாகப் போனாள். பக்கத்துச் சந்து வழியாகச் சுற்றி வந்து, பின்பக்கச் சுவரேறிக் குதித்து, பழைய சாமான் போடும் தகரக் கொட்டகைக்குள் புகுந்து கதவிடுக்கில் கண்ணை வைத்தாள். உள்ளே காலி மீன் தொட்டி கிடந்தது. அதைப் பார்க்கப் பிடிக்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். சும்மா உட்கார்ந்திருப்பது அவளுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நகத்தைக் கடித்தாள். கடிக்க நகம் தீர்ந்தபோது பின்கதவு திறந்தது.

கொழுந்தன்! தூங்க வேண்டிய நேரத்தில், பூனை மாதிரி காலை எடுத்து வைத்து வருகிறான். கையில் தண்ணீர் பாட்டில். உள்ளே இருப்பது தண்ணீர் இல்லை, எலுமிச்சைச் சாறு. வாசனை கொட்டகை வரைக்கும் வந்தது. ஒவ்வொரு செடியின் அடியிலும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினான். ‘பாவி!’ என்று அவள் எழுந்திருக்கப் போனாள். அதற்குள் அவன் குனிந்து ஓர் இலையைத் தடவிக்கொடுத்தான்.

“நல்லாக் குடிச்சுக்கோடா ராஜா. எப்படியாவது பழுத்துடு. உன்னை நம்பித்தான் இருக்கேன்.”

அவள் எழுந்த வாக்கிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அவன் உள்ளே போய்க் கொஞ்ச நேரத்தில் மாமியார் வந்தாள், துவைத்த துணிக் கூடையோடு. துணி காயப்போடவில்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஈரத் துண்டுகளுக்கு அடியிலிருந்து ஒரு வினிகர் பாட்டிலை எடுத்தாள்.

“குடிச்சுக்கோ கண்ணு” என்றாள் செடியிடம். பெற்ற பிள்ளைகளிடம்கூட அவ்வளவு இதமாகப் பேசி வெந்நீர் கேட்டதில்லை. “கிண்ணம் நிறையணும். அந்த ரூம் மட்டும் வந்துடக் கூடாது.”

வெந்நீருக்குத் தலை சுற்றியது. யோசித்து முடிப்பதற்குள் மதியச் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடிக் கடையை மூடிவிட்டு அவளுடைய அருமைக் கணவன் பின்கதவு வழியாக வந்தான். ஒரு கையில் பக்கத்து காபிக் கடையிலிருந்து வாங்கி வந்த காபிச் சக்கை மூட்டை. இன்னொரு கையில் புளிப்புக்குப் போடும் எலுமிச்சை உப்புப் பொட்டலம். பொட்டலத்தைப் பிரித்துக் கை நிறைய அள்ளினான்.

கொட்டகைக் கதவு படாரென்று திறந்தது. “நிறுத்துங்க!”

அவன் அலறிய அலறலில் மூட்டை எகிறிக் காபிச் சக்கை அவன் தலையிலேயே கொட்டியது. சமையலறை ஜன்னலில் மாமியாரின் முகம் தெரிந்தது. கொழுந்தன் தலையணையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

“நீங்களுமா?” என்றாள் வெந்நீர். “காலையிலே தம்பி எலுமிச்சைச் சாறு. அப்புறம் அத்தை வினிகர். இப்ப நீங்க. என் செடி என்ன ஊறுகாயா?”

மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“நீதானே அண்ணி சொன்னே, அதுக்குப் புளிப்புதான் உயிர்னு” என்றான் கொழுந்தன் மெதுவாக. “நிறையக் குடுத்தா நிறையக் காய்க்கும்னு நெனச்சேன்.”

“உனக்கு எதுக்கு காய்க்கணும்? உனக்குத்தானே ரூம்?”

கொழுந்தன் அம்மாவைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், தலையணையைப் பார்த்தான். “எங்களுக்கு ரூம் வேணாம் அண்ணி. ஆஸ்பத்திரி பக்கத்துல ஒரு சின்ன வீடு பார்த்திருக்கோம். அவளுக்கும் அங்கேதான் வேலை. ஆனா அம்மா ஆசையா இருக்காங்களே, எப்படிச் சொல்றது?”

“யாருடா ஆசையா இருக்கா?” ஜன்னலிலிருந்து மாமியாரின் குரல் எகிறியது. “கல்யாணம் ஆகி வந்தப்போ எனக்கும் என் மாமியாருக்கும் நடுவுல ஒரு திரைதான்டா இருந்துச்சு. அவங்க இருமுறது, புரண்டு படுக்குறது, எல்லாம் கேக்கும். என் இருமலைக் கேட்டுட்டு ஒரு சின்னப் பொண்ணு இங்கே குடித்தனம் பண்ண வேணாம்னுதான் நான் வினிகர் ஊத்தினேன். நீதான் ரூமுக்கு ஆசைப்படுறேன்னு நெனச்சேன்.”

“அப்போ இதை ரெண்டு பேரும் பெரிய மாமாகிட்ட சொல்லியிருக்கலாமே?” என்றாள் வெந்நீர்.

“நீ சொல்லேன் பார்ப்போம்” என்றாள் மாமியார்.

அந்த மனிதரின் சந்தோஷமான முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அந்த வீட்டில் ஒரு நாக்கும் பிறக்கவில்லை. எனவே, வாயுள்ள மனிதர்கள் சொல்ல வேண்டியதை வாயில்லாத செடி சொல்லட்டும் என்று ஆளாளுக்கு ஊட்டி வளர்த்திருக்கிறார்கள்.

“நீங்க எதுக்கு?” என்று கணவன் பக்கம் திரும்பினாள்.

அவன் தலையிலிருந்த காபிச் சக்கையைத் தட்டிவிட்டுக்கொண்டான். “எனக்கு ரூமும் தெரியாது, ஒன்னும் தெரியாது. நீ ஒன்னையாவது முடிச்சுப் பார்க்கணும். அன்னைக்கு மாமா கேலி பண்ணப்போ உன் முகம் போன போக்கை என்னால தாங்க முடியல.”

வெந்நீருக்குக் கண் நிறைந்துவிட்டது. கட்டிக்கொள்ளலாமா, நாலு சாத்தலாமா என்று தெரியாமல் அவன் சட்டையைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு தொற்றிக்கொண்டு, கடைசியில் மாமியார் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

சிரித்து முடித்ததும் வேலை தொடங்கியது. அப்படி ஒரு வேலையை அந்த வீடு அதுவரை சேர்ந்து செய்ததில்லை. அதிகமாகிவிட்ட புளிப்பைக் கழுவித் தள்ள வேண்டும். அதற்கு அவள் இத்தனை நாள் பாத்திப் பக்கமே விடாத குழாய்த் தண்ணீர்தான் இப்போது மருந்து. அதிலிருக்கும் சுண்ணாம்புக்கு முதல் தடவையாக மரியாதை கிடைத்தது. கொழுந்தன் ஹோஸ் பைப்பைப் பிடித்தான், நோயாளிக்கு டிரிப் ஏற்றுகிற நிதானத்தோடு. கணவன் மேல் மண்ணைச் சுரண்டி எடுத்தான். மாமியார் கருகிய இலைகளைக் கத்தரித்தாள். “இனிமே யாரும் என்னைக் கேக்காம ஒரு சொட்டு ஊத்தக் கூடாது” என்று வெந்நீர் உத்தரவு போட்டாள். பிஞ்சுகளில் கொஞ்சம் உதிர்ந்துதான் போயின. ஆனால் சில வாரங்களில் முள் மெல்ல ஏறியது. பச்சையாகப் புது இலை துளிர்த்தது. துளிர்த்த அன்று கொழுந்தன் டியூட்டியிலிருந்து போன் செய்து, “பேஷண்ட் எப்படி இருக்கார்?” என்று கேட்டான்.

அப்புறம் காய்கள் நிறம் மாறத் தொடங்கின. பச்சை வெளிறியது, வெளிறியதில் சிவப்பு ஏறியது, சிவப்பு கத்தரிப்பூ நிறமானது. ஒரு நாள் காலை, முதல் நீலம்! மேலே மாவு பூசினாற்போல் ஒரு மினுமினுப்பு. நாலு பேரும் பல் விளக்காமல் பாத்தியைச் சுற்றி நின்றார்கள். குருவிகளுக்கும் செய்தி போய்விட்டது. மதில்மேல் வரிசையாக வந்து உட்கார்ந்தன. கொழுந்தன் தன் கொசுவலையைக் கழற்றி வந்து பாத்திமேல் கட்டினான். “கொசு என்னைக் கடிச்சாப் பரவாயில்ல” என்றான்.

வெந்நீர் நீலம் கண்டதும் பறித்து வாயில் போட்டாள். முகம் கோணிவிட்டது. அப்படி ஒரு புளிப்பு. செடி விற்ற பெண்ணுக்கு போன் போட்டாள்.

“நீலமானதும் பறிச்சுடாதீங்க” என்றாள் அந்தப் பெண். “காம்போரம் சிவப்பு தெரிஞ்சா இன்னும் ஆகலேன்னு அர்த்தம். நீலமான பிறகும் ஒரு வாரம் செடியிலேயே விடணும். பறிச்சுட்டா அப்புறம் இனிப்பு ஏறாது. விரல் பட்டதும் தானா கையில விழணும். அதுதான் பழம்.”

நீலமான பிறகும் ஒரு வாரம்! இதை யாரிடம் சொல்கிறோம் என்று ஒரு கணக்கு வேண்டாமா? அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு செடியைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய மாமாவின் போன் வந்தது. கொத்தனாருக்கு அடுத்த மாதம் வேறு வேலையாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே அவரைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். “கிண்ணத்தைக் கழுவி வச்சிருக்கீங்களா?” என்று கேட்டுச் சிரித்துவிட்டு வைத்தார்.

வீடு ஒரே பரபரப்பானது. செடியில் காய் நிறைய இருந்தது. எல்லாம் நீலம்தான். ஆனால் பெரும்பாலானவற்றின் காம்போரத்தில் சிவப்பு வளையம்.

“கடையில ஒரு டப்பா வாங்கிக் கலந்துடலாமா?” என்று கணவன் கேட்டான். அவள் பார்த்த பார்வையில் அவனே, “சும்மா கேட்டேன்” என்று சொல்லிக்கொண்டு கடைக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

ஞாயிறு வந்தது. பெரிய மாமா வந்தார், அளக்கும் டேப்போடு. பின்னாலேயே கொத்தனார், முளைக்குச்சியும் நூல்கண்டுமாக. மாமியார் கிண்ணத்தைக் கொண்டுவந்து வெந்நீரிடம் கொடுத்தாள். கொழுந்தன் கொசுவலையை விலக்கினான்.

“அடேயப்பா!” என்றார் பெரிய மாமா, உண்மையிலேயே அசந்துபோய். “நிஜமாவே காய்ச்சிருக்கே!”

வெந்நீர் பறிக்க ஆரம்பித்தாள். கொத்துக்குள் விரலை விட்டுத் தடவினாள். சில பழங்கள் பட்டதும் உருண்டு கையில் விழுந்தன. கிண்ணத்தில் டிங் டிங்கென்று சத்தம். ஆறு செடியையும் தடவி முடித்தபோது கிண்ணத்தின் அடி மறைந்திருந்தது. அவ்வளவுதான்.

“ம், இன்னும் இருக்கே. பறி” என்றான் கொழுந்தன். அவன் குரல் கெஞ்சியது.

“எல்லாம் நீலமாத்தானே இருக்கு” என்றான் கணவன்.

மாமியார் கண்ணால் மட்டும் ‘பறிம்மா’ என்றாள்.

வெந்நீர் ஒரு கொத்தைப் பிடித்தாள். ஓர் இழுப்பு இழுத்தால் கை நிறைய வரும். ஐந்து நிமிஷத்தில் கிண்ணம் நிறைந்துவிடும். பெரிய மாமாவுக்கு நீலம் மட்டும்தான் தெரியும், காம்போரம் தெரியாது. பந்தயத்தை ஜெயித்துவிடலாம், இடம் அவளுடையதாகிவிடும். வேகமாக முடிக்க அவளுக்குச் சொல்லியா தர வேண்டும்? விரலை இறுக்கினாள். காய்கள் காம்பைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தன. அவள் விரலை விட்டுவிட்டாள்.

“இல்ல பெரிய மாமா” என்றாள். “இது இன்னும் பழுக்கல. இன்னும் ஒரு வாரம் ஆகும்.”

“நீலமா இருக்கேம்மா?”

“பார்க்கத்தான் நீலம். இப்பப் பறிச்சா கிண்ணம் நிறையும். ஆனா இத்தனை நாள் நான் இதுக்காகக் காத்திருக்கல. பழத்துக்காகக் காத்திருந்தேன்.” கிண்ணத்தைப் பாத்தியின் விளிம்பில் வைத்தாள். “நான் தோத்துட்டேன். பரவாயில்ல. நீங்க அளந்துக்கோங்க.”

பெரிய மாமா சங்கடத்தோடு தலையைச் சொறிந்தார். பிறகு, “பந்தயம்னா பந்தயம்தானே” என்று டேப்பின் ஒரு முனையை இழுத்தார். கொத்தனார் கையில் முளைக்குச்சியை எடுத்துக் குனிந்தார்.

“அண்ணா.”

மாமியார்தான். அவள் வந்து பாத்திக்கும் டேப்புக்கும் நடுவில் நின்றாள்.

“ரூம் வேணாம் அண்ணா.”

குனிந்திருந்த கொத்தனார் முளைக்குச்சியோடு நிமிர்ந்தார்.

“கிண்ணம் நிறைஞ்சாலும் வேணாம், நிறையாட்டாலும் வேணாம். சின்னவன் வேற வீடு பார்த்திருக்கான். போகட்டும்னு நானும் நெனக்கிறேன். உங்க மனசு நோகுமேன்னு வாயைத் திறக்கல. தோத்தாலும் பரவாயில்லன்னு இவ உண்மையைச் சொல்லிட்டு நிக்குறா. அப்புறம் நான் எப்படி அண்ணா சும்மா நிக்குறது?”

பெரிய மாமாவின் கையிலிருந்த டேப் தானாகச் சுருண்டு சர்ரென்று உள்ளே போனது. அவர் தங்கையைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவள் தன்னிடம் வேண்டாம் என்று சொல்லி அவர் கேட்டதில்லை. முகம் வாடத்தான் செய்தது.

“இதை என்கிட்ட சொல்ல உனக்கு ஒரு செடி தேவைப்பட்டுச்சா?” என்றார்.

“செடிகிட்டதான் மொதல்ல சொல்லிப் பழகினேன் அண்ணா” என்றாள் மாமியார். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. “உங்க முகம் வாடுறதப் பார்க்கத்தான் பயம். வேற ஒன்னும் இல்ல.”

அவர் அந்தப் பெரிய கையை எடுத்துத் தங்கையின் தலைமேல் வைத்தார். “வாடும். அப்புறம் சரியாயிடும். நான் என்ன சின்னப் பிள்ளையா?” என்றவர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெந்நீர் பக்கம் திரும்பினார். “சரி, இருக்கிறதையாவது குடு. ஆளுக்கு ஒன்னாவது தின்னு பார்ப்போம். எங்கே அந்தக் கிண்ணம்?”

கிண்ணம் பாத்தியின் விளிம்பில் இருந்தது, சுத்தமாகக் காலியாக. பக்கத்தில் கொத்தனார் நின்றார். அவர் உதடு கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

“நீங்கள்லாம் பேசிட்டிருந்தீங்க” என்றார் அவர், திருதிருவென்று விழித்துக்கொண்டு. “நான் சும்மா ஒன்னு எடுத்துப் பார்த்தேன்.”

அந்த வீட்டில் இன்னும் ஒருத்தர்கூட ருசி பார்க்காத கனிந்த பழம்! கொழுந்தன் வாயைப் பிளந்தான். கணவன் தலையில் கை வைத்தான். வெந்நீர் மட்டும் இரண்டே எட்டில் கொத்தனாருக்கு முன்னால் போய் நின்றாள்.

“எப்படி இருந்துச்சு? சொல்லுங்க, எப்படி இருந்துச்சு?”

கொத்தனார் யோசித்தார். நாக்கால் உதட்டை ஒரு முறை துழாவினார். பதில் சொல்லாமல் அவர் கை தானாகச் செடியை நோக்கி நீண்டது.

வெந்நீர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பொறுங்க” என்றாள், முகமெல்லாம் சிரிப்பாக. “இன்னும் ஒரு வாரம் பொறுங்க.”